நேர்ந்த கிடாயும் செலினின் முதல் வாயும்

1

ஜனவரி பதினேழு, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்து கைப்பேசியை எடுத்தபோது முதலில் தெரிந்தது ஒரு கிடாயின் முகம். கறுப்பு முகம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, கழுத்தில் சாமந்தி மாலை. யாரும் அனுப்பியதல்ல. ஓராண்டுக்கு முன் இதே நாளில் எடுத்தது என்று கைப்பேசி தானாகவே எடுத்துக் காட்டும் படங்களில் ஒன்று.

நான் இருப்பது நியூசிலாந்தின் ஹாமில்டனில். பால் பவுடர் ஆலையில் மூட்டைகளின் எடையையும் தையலையும் சரிபார்ப்பது என் வேலை. அதற்கு முன் ஓசூரில் ஒரு தமிழ் நாளிதழுக்கு நிருபராக இருந்தேன். விபத்து, கதவடைப்பு, முட்டைக்கோஸ் விலை, காட்டை விட்டு வந்த யானைகள் ஆகியவற்றை எழுதினேன். மனைவி ஸ்டெல்லாவுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தபோது மூன்று பேரும் வந்தோம். மகள் செலினுக்கு அப்போது நான்கு வயது. இப்போது இருபத்தொன்று. அவள் வீகன். இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர், நெய் எதுவும் சாப்பிடுவதில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறாள். இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொன்னால் இங்கே யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஓசூரில் பார்த்தார்கள்.

படத்தில் இருக்கும் கிடாயோடு நடந்த செலினின் செருப்புகளை ஆக்லாந்து விமான நிலையத்தில் கழுவினார்கள். திரும்பி வரும்போது நிரப்ப வேண்டிய அறிவிப்பில், சமீபத்தில் கால்நடைகளோடு இருந்தீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. நானும் ஸ்டெல்லாவும் இல்லை என்று போட்டுவிட்டு நகர்ந்திருப்போம். செலின் ஆம் என்று போட்டாள். வெள்ளைச் சட்டை அதிகாரி அவளைத் தனியாக அழைத்து எந்த விலங்கு என்று கேட்டார். ஆடு என்றாள். அது ஆரோக்கியமாக இருந்ததா என்று கேட்டார்.

"மிகவும்" என்றாள் செலின்.

அவர் செருப்புகளை உள்ளே கொண்டுபோய்க் கழுவி, ஈரத்தோடு ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

2

எங்கள் குளிர்பெட்டியின் மேல்தட்டில் ஆலையில் சலுகையில் கிடைக்கும் பால் இருக்கும். கதவில் செலினுடைய ஓட்ஸ் பால். இதைப் பற்றி வீட்டில் சண்டை நடந்ததில்லை. ஒரே ஒரு முறை, அவள் பாலை விட்டுவிட்ட புதிதில், "கன்னுக்குட்டிகளை எப்ப பிரிப்பாங்கப்பா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நான் பவுடர் பக்கம், பண்ணைப் பக்கம் போனதில்லை என்பதையும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

இங்கே எங்கள் சர்ச் பங்கின் இளையோர் கூட்டத்தில் அவளுக்கு எதிர்ப்பு இருந்தது. ஆண்டவர் மீன் சாப்பிட்டாரே என்று ஒருவர் கேட்டார். "அவர் எல்லா ஊருக்கும் நடந்துதான் போனார். நீங்க கார்ல வந்தீங்க" என்று இவள் பதில் சொன்னதாக ஸ்டெல்லா சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பதிலில் அவளுடைய அத்தையின் சாயல் இருந்தது.

அந்த அத்தை என் அக்கா ஆரோக்கியமேரி. ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் இருக்கிறாள். நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஓட்டு வீடு. ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமையல் வேலை. அவள் கணவர் சவரி மாமா லேத் பட்டறை வைத்திருக்கிறார். செலினுக்கு இரண்டு வயதில் மூச்சு இழுத்து, பெங்களூரில் ஒரு வாரம் மருத்துவமனைக் கண்ணாடிக்குப் பின்னால் கிடந்தாள். அந்த வாரத்தில் அக்கா, காட்டில் தவம் இருந்த புனிதர் வனத்து அந்தோணியாருக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டாள். குழந்தை பிழைத்தாள். நாங்கள் விசா, மருத்துவச் சோதனை, போலீஸ் சான்று என்று ஓடிக்கொண்டிருந்ததில் நேர்ச்சை நின்றுபோனது. பிறகு ஊருக்கு வந்த ஒவ்வொரு முறையும் அது ஜனவரியாக இல்லை.

தளியைத் தாண்டி ஜவளகிரி போகும் வழியில் இருக்கும் அந்தச் சின்னக் கோவிலில் திருவிழா ஜனவரி பதினேழாம் தேதிதான். வழக்கம் இது. நேர்ந்த கிடாயை வீட்டில் வளர்த்துக் கொண்டுபோக வேண்டும். மந்திரித்த தண்ணீர் தெளித்து, கோவிலை ஒரு சுற்றுச் சுற்றி, பின்னால் புளியமரத்தடியில் அறுப்பார்கள். அங்கேயே சமையல். வந்திருக்கும் எல்லோருக்கும் பந்தி. யாருக்காக நேர்ந்ததோ அவர் முதல் வாய் சாப்பிட வேண்டும். அதுவரை யாரும் தட்டில் கை வைக்க மாட்டார்கள்.

போன வருடம் எல்லோருக்கும் ஜனவரியில் விடுமுறை கிடைத்தது. டிக்கெட் எடுத்ததை அக்காவுக்குச் சொன்னேன். "கிடா ரெடியா இருக்குதுடா" என்றாள். செலின் கறி சாப்பிடுவதில்லை என்பதை அப்போதுதான் சொன்னேன்.

தொலைபேசியில் அவளுக்குப் பின்னால் லாரி ஹாரன்கள் கேட்டன.

"ஒரு வாய்தானடா" என்றாள்.

3

ஜூஜுவாடிக்குப் போய் இறங்கியபோது கிடா காம்பவுண்டுச் சுவரோரம் கட்டியிருந்தது. சந்தையில் உரித்துப் போடும் முட்டைக்கோஸ் புற இலைகளை அக்கா கேன்டீனிலிருந்து வரும் வழியில் மூட்டையாகக் கொண்டுவருவாள். அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே அது எழுந்து நிற்கும்.

"இது பேர் என்ன அத்தை?" என்று செலின் கேட்டாள்.

"பேரெல்லாம் வெக்கக் கூடாதும்மா. பேர் வெச்சா அப்புறம்..." என்று அக்கா தொடங்கினாள். முடிக்கவில்லை. இலையை உதறிப் போட்டாள்.

முதல் இரண்டு நாட்கள் சாப்பாட்டில் சிக்கல் வரவில்லை. ஜனவரி, எங்கள் பக்கம் மொச்சைக் காலம். ஊறவைத்த மொச்சையைத் தோல் பிதுக்கி எடுத்து வைக்கும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் ராகிக் களியும் தினமும் இருந்தன. செலின் இரண்டு உருண்டை சாப்பிட்டாள். அக்கா களியின் தலையில் நெய் விடப் போய், கரண்டியைப் பாதியில் நிறுத்தி, அந்த நெய்யை என் களியில் விட்டாள்.

சிக்கல் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. ருத்ரம்மா கன்னடக்காரர், சைவக் குடும்பம். செலின் கறி சாப்பிட மாட்டாள் என்று எப்படியோ கேள்விப்பட்டு, மூன்றாம் நாள் ஒரு தட்டில் போளி மாதிரியான ஒப்பட்டு கொண்டுவந்தார்.

"நம்ம மாதிரியே இருக்காளே பொண்ணு! முகத்துலயே தெரியுது" என்று செலினின் கன்னத்தைத் தொட்டார். ஒப்பட்டில் நெய் இருந்தது. செலின் மெதுவாக விளக்கினாள். ருத்ரம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஹாலு பேடவா? பாலுகூட வேணாமா? பால்ல என்னம்மா பாவம்? பசு குடுக்குதும்மா!"

"குடுக்கல ஆன்ட்டி. எடுக்கிறோம்."

ருத்ரம்மா சிரித்துவிட்டார். "ஏய் மேரி, இவ எங்களையே அசைவம் ஆக்கிட்டா!" என்று சொல்லிக்கொண்டே போனார். தட்டை வைத்துவிட்டுத்தான் போனார்.

அக்கா அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் சொன்னாள். அவள் குரல் உயரவில்லை.

"பத்தொம்போது வருஷமா பக்கத்து வீடு. எம் வீட்டுல ஒரு டம்ளர் தண்ணி குடிச்சதில்ல அந்தம்மா. நல்ல பொம்பளதான், ஒண்ணும் சொல்ல மாட்டா. தாகமில்ல மேரின்னுவா. இன்னைக்கி எம் மருமவ கறி திங்க மாட்டான்னதும் தட்டோட வர்றா. நாம எதுக்குடா ஞானஸ்நானம் வாங்கி வேதத்துல சேந்தோம்? நம்ம தாத்தன் காலத்துல எதுக்குச் சேந்தாங்க? எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஒரே அண்டாவுல திங்கத்தான். இவ அதுல கை வெக்க மாட்டேன்னா, அங்க வர்ற சனம் என்னா நெனைக்கும்? பெரிய எடத்துக்குப் போய்ட்டா, நம்ம சோறு தீட்டுன்னு நெனைக்காதா?"

செலின் உள்ளறையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் தடுமாற்றம். கேட்பதில் எதுவும் தப்பாது.

4

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். செலின் ஒருசந்தி விரதம் இருக்கிறாள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு கருத்தைச் சொன்னால் பத்துப் பேர் மறுப்பார்கள். நேர்ச்சை என்று சொல்லிவிட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். தவக்காலம் முழுக்கக் கறி தொடாதவர்கள் அவர்கள். ஒரு காரியம் நிறைவேற வேண்டும் என்று வருடக்கணக்கில் வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர்கள் உண்டு. வீகன் என்றால் வெள்ளைக்காரப் பழக்கம், ஒருசந்தி என்றால் பக்தி. ஒரே நாளில் எல்லோரும் செலினை மரியாதையாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஆனால் நேர்ச்சைக்கு ஒரு முடிவு உண்டு. அக்கா அதை யோசிக்கவில்லை. சவரி மாமாவின் அண்ணன் பொங்கலுக்கு வந்தவர், செலினை எதிரே உட்காரவைத்துக் கேட்டார்.

"ஒருசந்தி எப்போம்மா முடியும்?"

"முடியாது பெரிய மாமா."

"அது எப்புடி முடியாது? கல்யாணம் ஆகுற வரைக்குமா?"

"கல்யாணத்துக்கு அப்புறமும்."

"அப்ப மாப்பிள்ளையும் கீரதானா? பாவம்டா எவனோ!" வீடே சிரித்தது. செலினும் சிரித்தாள். ஆனால் அவர்கள் போனபிறகு அக்காவிடம் போய் நின்றாள்.

"அத்தை, அது பொய். நான் எதுவும் கேட்டு இப்படி இருக்கல. சாமிகிட்ட எனக்கு டீல் எதுவும் இல்ல."

"பொய்யில்லடி. ஒனக்கு ஒரு மறைப்பு."

"மறைப்பு வேண்டாம். சாப்பிடாம இருக்கிறது என் ஃபெய்த். அதை ஒளிச்சு வெச்சா அப்புறம் எதுக்கு?"

"அப்ப எம் நேர்ச்சை? அது ஃபெய்த் இல்லையா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிருபராக இருந்தபோது இரண்டு தரப்பையும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். ஃபாதரைக் கேட்கலாம் என்றேன்.

5

வனத்து அந்தோணியார் கோவிலையும் பார்த்துக்கொள்ளும் பங்கு ஃபாதர் தெற்கத்திக்காரர். ஓசூர் குளிருக்கு ஸ்வெட்டரும் மஃப்ளரும் போட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அக்கா நின்றபடியே தொடங்கிவிட்டாள்.

"ஃபாதர், இவ ஒரு வாய் சாப்பிட்டாத்தான் பந்தி. மாட்டேங்குறா. கறி சாப்பிடுறது பாவமா, நீங்களே சொல்லுங்க."

அவர் செலினைப் பார்த்தார். "பாவம்னு சொல்றியாம்மா?"

"இல்ல ஃபாதர். நீங்க சாப்பிட்டா பாவம்னு நான் சொல்லல. எனக்கு வேற சாப்பாடு கிடைக்குது. அவசியமே இல்லாம எனக்காக ஒண்ணு சாகணும்னா, அப்புறம் நான் பிரேயர்ல உக்கார முடியல."

"உயிர்த்த ஆண்டவர் மீன் சாப்பிட்டாரே?"

"தெரியும் ஃபாதர். ஏதேன் தோட்டத்துல மனுஷனுக்குக் குடுத்தது விதையும் பழமும்."

"அதுவும் வேதம்தான், இதுவும் வேதம்தான்." மஃப்ளரைச் சரிசெய்துகொண்டார். "சாப்பிடுறவன் சாப்பிடாதவனை இளப்பமா நெனைக்கப்பிடாது. சாப்பிடாதவன் சாப்பிடுறவனைத் தீர்ப்பிடப்பிடாது. இதைச் சொல்லி ரெண்டாயிரம் வருஷம் ஆகப்போவுது. இன்னும் எங்கிட்ட வந்து கேக்கிறீங்க."

அக்கா விடவில்லை. "அப்ப எம் நேர்ச்சை?"

"நேர்ந்தது யாரு?"

"நான்தான்."

"அப்ப அது உங்களைத்தான் கட்டும். கிடா உங்களுது, நீங்க நேரலாம். இன்னொருத்தர் வாயை நீங்க நேர முடியாதும்மா. பிள்ளைக்கு அப்ப ரெண்டு வயசு. அவகிட்ட கேட்டீங்களா?"

"அவ மூச்சே விட முடியாமக் கெடந்தா ஃபாதர்" என்றாள் அக்கா.

செலின் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப பந்தி எப்புடி ஆரம்பிக்கும்?" என்று அக்கா கேட்டாள்.

"அது உங்க ஊர் வழக்கம். அதுல நான் தலையிட்டா என்னை மாத்திருவாங்க."

வெளியே வரும்போது வனத்து அந்தோணியார் சுரூபத்தின் முன் நின்றோம். தாடி, கைத்தடி, காலடியில் ஒரு பன்றிக்குட்டி. அவர் காட்டில் என்ன சாப்பிட்டார் தெரியுமா என்று செலின் கேட்டாள். ரொட்டி, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான் என்று தானே பதிலும் சொன்னாள். அக்கா நம்பாமல் வராந்தாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரிதான்" என்றார் ஃபாதர் அங்கிருந்தே. "கறியைப் பத்திப் பேச்சே இல்ல."

"இத்தன வருஷமா அவருக்குக் கிடா வெட்டுறோமே?"

"அவருக்கா வெட்டுறீங்க? நீங்க சாப்பிடுறதுக்கு வெட்டுறீங்க. அவரு கோவிச்சுக்கல, வுடுங்க."



6

பதினேழாம் தேதி காலை கிடாயையும் அண்டாக்களையும் ஒரு குட்டி யானை வேனில் ஏற்றினோம். மத்திகிரி, தளி வழியாகப் போனோம். ரோஜா வளர்க்கும் கூடாரங்கள் முடிந்து ராகி அறுத்த காடுகள் தொடங்குகிற இடத்தில் பனி இன்னும் விலகவில்லை. இங்கே ஹாமில்டனில் ஜனவரியில் எனக்கு வியர்க்கிறது. அங்கே சவரி மாமா சாக்கு ஒன்றைக் கிடாயின் முதுகில் போர்த்தியிருந்தார்.

கோவிலைச் சுற்றும்போது கயிற்றைப் பிடித்தது செலின். அவளே கேட்டு வாங்கினாள். ஃபாதர் தண்ணீர் தெளித்தார். கிடா தலையை உதறியது. சிலிர்த்தால்தான் சாமி ஏற்றுக்கொண்டார் என்று சொல்பவர்கள் எங்கள் ஆட்களிலும் உண்டு. அவர்கள் திருப்தியோடு தலையாட்டினார்கள். சுற்று முடிந்ததும் மாமா கையை நீட்டினார்.

"குடும்மா. நீ அந்தப் பக்கம் போ."

"எனக்காகத்தானே மாமா? நான் இங்கயே நிக்கிறேன்."

புளியமரத்தடியில் அவள் நின்றாள். அழவில்லை, கண்ணை மூடவும் இல்லை. நான் அவளுக்கு இரண்டடி பின்னால் நின்றேன். அதிக நேரம் ஆகவில்லை. அக்கா வரவில்லை. அண்டாவுக்குத் தீ பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். நாங்கள் சமையலிடத்துக்குப் போனபோது அடுப்பு இன்னும் மூட்டப்படாமல் இருந்தது. அவள் மொச்சை பிதுக்கிக்கொண்டிருந்தாள். செலின் பக்கத்தில் உட்கார்ந்து தானும் பிதுக்கினாள்.

மதியம் பந்திக்குச் சனம் உட்கார்ந்தது. கறிக்குழம்பு ஓர் அண்டா, களி ஓர் அண்டா, ஓரத்தில் பிதுக்கம்பருப்புக் குழம்பு ஒரு குண்டான். எல்லோர் தட்டிலும் கறி விழுந்தது. யாரும் கை வைக்கவில்லை. எல்லோரும் செலினைப் பார்த்தார்கள். அவள் அத்தையைப் பார்த்தாள்.

அக்கா களி அண்டாவிலிருந்து ஒரு விள்ளல் எடுத்தாள். மரவைக் கிண்ணத்து உப்பில் தொட்டாள். செலினின் தட்டில் வைத்தாள்.

"என்னா மேரி, உப்புக் களியா? கறி எங்க?" என்றார் மாமாவின் அண்ணன்.

"வனத்து அந்தோணியாரு சாப்பிட்டது இதுதான். ஃபாதரைக் கேளுங்க. ஒங்களுக்கும் வேணும்னா இதையே வெக்கிறேன்."

"ஐயோ, எனக்கு வேணாம் தாயே, நான் பாவி!"

பந்தி முழுக்கச் சிரித்தது. "ஒருசந்திக்காரப் பொண்ணுதானே" என்று யாரோ சொன்னார்கள்.

"ஒருசந்தி இல்ல" என்றாள் அக்கா. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அவ கறி திங்க மாட்டா. எப்பவுமே. அவ்ளோதான். ஆனா நம்மகூட உக்காந்து திம்பா."

செலின் அந்தக் களியை வாயில் போட்டாள். கைகள் தட்டுகளுக்குப் போயின. பிறகு அவள் பிதுக்கம்பருப்புக் குழம்பை ஊற்றிக்கொண்டு, கறி சாப்பிடும் வரிசையின் நடுவிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். அவளுக்கு இடப்பக்கம் மாமாவின் அண்ணன் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "வாசனைக்காவது ஒரு துண்டு?" என்று இடையில் ஒருமுறை கேட்டார். அவள் தன் குழம்பில் ஒரு கரண்டி எடுத்து அவர் தட்டில் ஊற்றினாள். அதையும் தொட்டுச் சாப்பிட்டார்.

மூன்று பந்தி நடந்தது. அக்கா பரிமாறிக்கொண்டே இருந்தாள். ஜவளகிரிப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவர்கள், கிறிஸ்தவர் அல்லாதவர்கள், எல்லோரும் சாப்பிட்டார்கள். கடைசியில் செலின் அக்காவைக் கையைப் பிடித்து உட்காரவைத்துத் தட்டு வைத்தாள்.

"என்ன போடட்டும் அத்தை?"

அக்கா குண்டானைக் காட்டினாள். தட்டில் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் விழுந்தன. அவள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினாள். கறி அண்டாவில் கால்வாசி மிச்சமிருந்தது.